எழுத்து வந்தது, எண் வரவில்லை

(தாம்பரத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

தமிழ்நாட்டின் 2025-26 நிதிநிலை அறிக்கை 2025 மார்ச் 14 அன்று சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அதைப் பற்றிய நாடு தழுவிய விவாதமோ முந்தைய நாளே தொடங்கி, கொதித்து, ஏறக்குறைய ஓய்ந்தும் போயிருந்தது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வெளியிட்ட பட்ஜெட் இலச்சினையில் ரூபாய்க் குறியீடு இல்லை. அந்த இடத்தில் 'ரூ' என்ற தமிழ் எழுத்து இருந்தது. அவ்வளவுதான். டெல்லித் தொலைக்காட்சிகளில் இரவு முழுக்க அந்த ஓர் எழுத்து மட்டுமே பேசப்பட்டது. 2010-ல் ஏற்கப்பட்ட அந்தக் குறியீட்டை வரைந்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர், அவருடைய தந்தை தி.மு.க.வின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் என்ற தகவலும் சேர்ந்துகொள்ள, விவாதத்துக்குச் சுவை கூடியது.

அதே மார்ச் 13 அன்று மாநிலத்தின் முதல் பொருளாதார ஆய்வறிக்கையும் வெளிவந்தது. மாநிலத் திட்டக் குழு தயாரித்தது. இந்த மாநிலம் எப்படிச் சம்பாதிக்கிறது, எந்த மாவட்டம் எங்கே பின்தங்குகிறது, வேலை எங்கே இருக்கிறது என்று அரசே தன் கையால் எழுதிக்கொடுத்த முதல் ஆவணம். அதைப் பற்றி அன்றிரவு எத்தனை நிமிடம் பேச்சு நடந்தது? மறுநாள் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு படித்த எண்களுக்கும் அதே கதிதான். வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய், வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி, நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடி. இவற்றைச் சுற்றி எழவேண்டிய கேள்விகள் பல. அவை எழுவதற்குள் எழுத்துச் சண்டை எல்லாருடைய நேரத்தையும் தின்றுவிட்டது.

பட்ஜெட்டுக்கு மாற்று கேட்பவர்கள் தமிழ்நாட்டில் குறைவில்லை. பணத்தை யாரிடம் வாங்குவது, யாருக்குக் கொடுப்பது என்பதை வேறுவிதமாகச் செய்யலாம் என்று சொல்லும் கட்சிகள், சங்கங்கள், பேராசிரியர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அந்தச் சொல் மக்கள் காதுக்குப் போய்ச் சேரும் வழியில்தான் அடைப்பு இருக்கிறது. பட்ஜெட் அன்று செய்தியாக வெளிவருவது ஒரே ஒரு பெரிய எண். அந்த எண்ணுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பிரித்துக் காட்டும் வேலை நடப்பதில்லை.

தாம்பரத்துக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2022 ஏப்ரல் முதல் வாரத்தில் சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. '150 சதவீதம் உயர்வு' என்பது எங்கும் பரவிய தலைப்பு. டீக்கடையிலும் மின்சார ரயிலிலும் அதே பேச்சு. அந்த 150 சதவீதம் யாருக்கு? பழைய சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 1,800 சதுர அடிக்கு மேல் வீடு வைத்திருப்பவர்களுக்கு. 2011-ல் சென்னையோடு சேர்க்கப்பட்ட பெருங்குடி, சோழிங்கநல்லூர்ப் பகுதிகளுக்கும் தாம்பரம் போன்ற மற்ற மாநகராட்சிகளுக்கும் கணக்கு வேறு. 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100.

கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். குரோம்பேட்டையில் 550 சதுர அடி அடுக்குமாடி வீட்டுக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய் கட்டியவர் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். அந்த உயர்வின்படி அவர் கட்டவேண்டியிருந்தது 1,250 ரூபாய். அதே தெருமுனையில் 2,000 சதுர அடித் தனி வீட்டுக்கு 4,000 கட்டியவர் கட்டவேண்டியிருந்தது 8,000. பெரிய வீட்டுக்கு வீதம் கூட, சின்ன வீட்டுக்கு வீதம் குறைய. முற்போக்கு வரி என்று பொருளியலில் சொல்லப்படும் சங்கதி இதுதான். அறிவிப்புத் தாளில் அது நான்கு வரியில் அச்சாகியிருந்தது. செய்தியில் போனதோ நான்கில் பெரிய எண், அதுவும் வேறு ஊருக்கான எண். 550 சதுர அடிக்காரர் தன் வரி இரண்டரை மடங்காகப்போகிறது என்று நினைத்துப் பதறினார்.

அரசுக்கு வக்காலத்து வாங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. படிநிலை வரியிலும் ஓட்டை உண்டு. சேலையூரில் பழைய பெரிய வீட்டில் ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கும், அதே அளவு வீட்டை வாங்கிப் பூட்டிப் போட்டிருக்கும் முதலீட்டாளருக்கும் ஒரே வீதம். பரப்பளவு வருமானத்தைச் சொல்லாது, நிலத்தின் சந்தை மதிப்பையும் முழுதாகச் சொல்லாது. சென்னையில் 1998-லும் மற்ற நகரங்களில் 2008-லும் மாற்றிய வரியை இத்தனை ஆண்டு தொடாமல் விட்டுவிட்டு ஒரே வீச்சில் ஏற்றியது சரியா என்றும் கேட்டிருக்கலாம். ஒன்றிய அரசின் பதினைந்தாவது நிதிக் குழு, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதம் அறிவித்தால்தான் நகரங்களுக்கு மானியம் என்று நிபந்தனை வைத்தது பற்றியும் பேசியிருக்கலாம். உண்மையான மாற்று யோசனைகள் பிறந்திருக்கவேண்டிய இடங்கள் இவை. '150' என்ற எண் உள்ளே வந்ததும் இந்தக் கேள்விகள் எல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டன.

கடனைப் பற்றிய பேச்சும் இப்படித்தான். 2021 ஆகஸ்ட் 9 அன்று அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். நூறு பக்கத்துக்கு மேற்பட்ட அந்த அறிக்கையிலிருந்து ஊருக்குத் தெரிந்தது ஒரே எண்: ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன். ஜி.எஸ்.டி. வந்தபின் மாநிலத்தின் வரி அதிகாரம் எவ்வளவு சுருங்கியது, மின்வாரியமும் போக்குவரத்துக் கழகங்களும் ஏன் நட்டத்தில் ஓடுகின்றன என்று அந்த அறிக்கை சொன்னவை பின்னால் போயின. அன்று முந்தைய ஆட்சியை அடிக்கப் பயன்பட்ட அதே கணக்கு, சில ஆண்டுகளில் அதை எழுதிய ஆட்சியையே அடிக்கத் திரும்பியது. 2026 மார்ச் முடிவில் கடன் 9,29,959 கோடியாக இருக்கும் என்று 2025 பட்ஜெட் சொன்னபோது, எதிர்க்கட்சிகள் அதைக் குடும்பத் தலைக்கு வகுத்துச் சொல்லின. மாநில உள்நாட்டு உற்பத்தியில் அது 26.07 சதவீதம், நிதிக் குழு வகுத்த வரம்பு 28.7 சதவீதம் என்ற விவரம் பட்ஜெட் உரையிலேயே இருந்தது. கடன் வாங்கி மெட்ரோ ரயில் போடுவதும் கடன் வாங்கிச் சம்பளம் கொடுப்பதும் ஒன்றா என்ற கேள்விதான் இதில் உயிரானது. வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி என்பதற்கு, அன்றாடச் செலவுக்கே அவ்வளவு கடன் தேவைப்படுகிறது என்று பொருள். தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் நல்ல கடனும் கெட்ட கடனும் கலந்துவிடும்.

சொல்லிலும் சார்பு உண்டு. 2022 ஜூலை 16 அன்று பிரதமர் நரேந்திர மோடி உத்தரப் பிரதேசத்தின் ஜலோனில் இலவசத் திட்டங்களைத் தின்பண்டம் பங்கிடும் பண்பாடு என்று சாடினார். அடுத்த சில வாரங்கள் தமிழ்நாடுதான் குற்றவாளிக் கூண்டில் நின்றது. 2019 செப்டம்பர் 20 அன்று நிறுவனங்களுக்கான வருமான வரி 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைக்கப்பட்டது. அதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் போகும் என்று ஒன்றிய அரசே அறிவித்தது. அதற்கு 'ஊக்குவிப்பு' என்று பெயர். ஒயிட் போர்டு பஸ்ஸில் ஒரு பெண் டிக்கெட் இல்லாமல் ஏறினால் அதற்கு 'இலவசம்' என்று பெயர். ஒன்றிய பட்ஜெட்டில் விட்டுக்கொடுத்த வரி வருவாய்க்கென்று தனிப் பட்டியல் இணைக்கும் வழக்கம் ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்த 2006-07 வாக்கில் தொடங்கியது. அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு ஆண்டுதோறும் எழுதியவர், சென்னையில் பிறந்த பத்திரிகையாளர் பி. சாய்நாத். பட்ஜெட் தாள்களுக்குள்ளேயே கிடந்த எண்ணை எடுத்து உழவர் கடன் தள்ளுபடியின் பக்கத்தில் வைத்தார். அவர் செய்தது அவ்வளவே. பின்னாளில் அந்தப் பட்டியலின் பெயர், வரிச் சலுகைகளின் 'வருவாய்த் தாக்கம்' என்று மாறிவிட்டது. சொல் எவ்வளவு உறுத்தியிருந்தால் பெயரை மாற்றியிருப்பார்கள்!

பெரும்பாக்கம் குடியிருப்புகளின் பேருந்து நிறுத்தத்தில் விடியற்காலையில் நின்று பார்ப்பவர்களுக்கு 'இலவசம்' என்ற சொல் வாயில் வராது. கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடிவைக்கப்பட்ட பெண்கள், பழைய ஊரில் பார்த்த வீட்டுவேலைக்கே மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் திரும்பிப் போகிறார்கள். வேலையை விட்டு இருபது கிலோமீட்டர் தள்ளிக் குடிவைத்தது அரசு. பயணச் செலவை ஏற்பதும் அரசின் கடன்தானே? மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணத் திட்டத்தால் ஒரு பெண் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறார் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. 2025-26 பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கியது 3,600 கோடி. மகளிர் உரிமைத் தொகைக்கு 13,807 கோடி. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைப் பெரிதாக்கியபோதும் வீண் செலவு என்றுதான் படித்தவர்கள் எழுதினார்கள். ஆனால் 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றமே அதுபோல நாடு முழுவதும் பள்ளிகளில் சமைத்த உணவு தரவேண்டும் என்று உத்தரவிட்டது.

கணக்கைப் பிரித்துக் காட்டும் இந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் நீண்ட மரபு இருக்கிறது. 1878-ல் 'தி இந்து'வைத் தொடங்கிய அறுவரில் ஒருவரும் 1882-ல் 'சுதேசமித்திரன்' கண்டவருமான ஜி. சுப்பிரமணிய ஐயர், 1897-ல் லண்டனில் வெல்பி ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார். இந்தியாவின் செலவுக் கணக்கை விசாரித்த ஆணையம் அது. கோகலேயும் தின்ஷா வாச்சாவும் சுரேந்திரநாத் பானர்ஜியும் சாட்சி சொன்ன அதே மேசை. மறு ஆண்டே அவர் ஆங்கில நாளேட்டை விட்டு விலகித் தமிழ் ஏட்டோடு நின்றார். ஆங்கிலேய அரசின் வரவு செலவைத் தமிழில் படிக்கவேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்று அவர் நம்பினார் என்றுதான் அந்த முடிவைப் படிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. தொழிலில் தணிக்கையாளர். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் பொது நிதியையும் வறுமையையும் இணைத்து ஆய்வு எழுதினார். அதைக் காந்தி 'யங் இந்தியா'வில் தொடராக அச்சிட்டார். 1930-ன் உப்புப் போராட்டத்துக்கு முந்தைய மாதங்கள் அவை. ஏழையின் கஞ்சியில் விழும் உப்பு வரியையும் ராணுவத்துக்கும் கடன் வட்டிக்கும் போகும் செலவையும் ஒரே தாளில் பார்த்த நாடு, அடுத்து உப்பளத்துக்குப் போனது. வரவு செலவுத் திட்டத்தின் ஒரே ஒரு தலைப்பு வேதாரண்யம் வரை மக்களை நடக்கவைத்தது. அத்தொடருக்கு இடம் ஒதுக்க ஓர் இதழ் இருந்தது என்பதை மறக்கக்கூடாது.

தாம்பரத்துக்கும் இந்த மரபில் பங்குண்டு. 1937-ல் இங்கே குடிபெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1940-களில் பொருளியல் கற்பித்தவர் மால்கம் ஆதிசேஷையா. 1971-ல் அடையாற்றில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் அவர்.

கட்சிகளில் மாற்றுக் கணக்கு எழுதும் வேலையை விடாமல் செய்வது பாட்டாளி மக்கள் கட்சி. 2003 முதல் ஆண்டுதோறும் பொது நிழல் நிதிநிலை அறிக்கை, 2008 முதல் வேளாண்மைக்கென்று தனி நிழல் அறிக்கை. அந்தக் கட்சியின் அரசியலை ஏற்பவர்களும் ஏற்காதவர்களும் இந்த உழைப்பை மதிக்கவேண்டும். எதிர்க்கட்சி வேலை வெளிநடப்பு மட்டுமில்லை, 'நாங்களாக இருந்தால் இப்படிச் செலவழிப்போம்' என்று எண்ணோடு சொல்வதும்தான் என்று காட்டியிருக்கிறது. ஆனால் நிழல் அறிக்கை வெளிவந்த மறுநாள் செய்தி எப்படி வரும்? உள்பக்கத்தில் இரண்டு பத்தி, வெளியிட்டவரின் படம், ஐந்தாறு அறிவிப்புகள். அந்தத் திட்டங்களுக்கு வருவாய் எங்கிருந்து என்று அதில் எழுதியிருப்பதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. பாராட்டுவதுமில்லை, மறுப்பதுமில்லை. 2011-ல் கர்நாடகமும், 2021 ஆகஸ்ட் 14 அன்று தமிழ்நாடும் வேளாண் பட்ஜெட்டைத் தனியாக வைத்தன. இங்கே வாசித்தவர் அமைச்சர் எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம். அன்றாவது பதின்மூன்று ஆண்டு நிழல் அறிக்கைகளையும் அரசின் அறிக்கையையும் அருகருகே வைத்து ஒரு பக்கம் வந்திருக்கலாம். எவ்வளவு சுவையான பக்கமாக இருந்திருக்கும்!

பட்ஜெட்டை உரிய நேரத்தில் பிரித்துக் காட்டும் வேலைக்கு வழி காட்டியது குஜராத்தின் 'திஷா' அமைப்பு. காட்டுத் தொழிலாளர்களுக்கும் பழங்குடி மக்களுக்கும் சங்கம் அமைத்தவர்கள், பழங்குடிப் பகுதிக்கு ஒதுக்கிய பணம் எங்கே போகிறது என்று தேடி 1990-களில் மாநில பட்ஜெட்டைப் படிக்கத் தொடங்கினார்கள். பின்னாளில் நாடாளுமன்றம் சென்ற மதுசூதன் மிஸ்திரி அதன் தலைவர். பட்ஜெட் வந்த சில நாளில் துறைவாரியாகச் சின்னச் சின்னக் குறிப்புகள் குஜராத்தியில் தயாராகும். சட்டமன்ற விவாதம் நடக்கும் அதே காலையில் உறுப்பினர் கையிலும் செய்தியாளர் கையிலும் அவை இருக்கும். அரசுத் தாள்களில் கூட்டல் பிழைகளைக்கூடக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து வரும் அருமையான ஆய்வைவிட, மானியக் கோரிக்கை அன்று கையில் இருக்கும் ஒரு தாளுக்கு அதிக மதிப்பு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நாடாளுமன்றத்தில் அந்த நேரமும் சுருங்கி வருகிறது. 2023 மார்ச் 23 அன்று சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவை மக்களவை விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது.

பட்ஜெட் தாளைப் படிப்பது மலைப்பான வேலை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அரசு இணையதளத்தில் மானியக் கோரிக்கைப் புத்தகங்கள் கிடைக்கின்றன. ஒவ்வொரு வரிக்கும் எதிரே நான்கு எண்: முந்தைய ஆண்டின் கணக்கு, நடப்பாண்டு மதிப்பீடு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. செய்தியில் வருவது நான்காவது. உண்மை இருப்பது முதலாவதில், ஏனென்றால் அது செலவழித்து முடித்த பணம். இரண்டாவதைவிட மூன்றாவது வெகுவாகக் குறைந்தால், அறிவித்ததைச் செய்யவில்லை என்று அரசே ஒப்புக்கொள்கிறது என்று பொருள். கணக்குத் தலைப்பில் 789 என்ற எண் வந்தால் அது பட்டியல் சாதி மக்களின் துணைத் திட்டத்துக்கான பணம், 796 வந்தால் பழங்குடியினருக்கானது. நாடு முழுக்க இதே எண்தான். தேடுபெட்டியில் 789 என்று தட்டி, நான்கு எண்களையும் ஒரு நோட்டில் எழுதினால் ஒரு மாலையில் முடியும் வேலை. இந்தப் பணத்தைக் கண்காணிக்க 2024-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது.

நான்காவது எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைத் தென்சென்னைப் புறநகர் பட்டுத் தெரிந்துகொண்டது. 2021 பிப்ரவரி 1 அன்று ஒன்றிய பட்ஜெட்டில் சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம், 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி என்று நிர்மலா சீதாராமன் அறிவித்தார். மறுநாள் ஏடுகளில் பெரிய எழுத்துகள். சட்டமன்றத் தேர்தலும் நெருங்கியிருந்தது. அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது 2024 அக்டோபர் 3 அன்று. இடைப்பட்ட மூன்றரை ஆண்டு மாநில அரசு தன் பணத்திலும் கடனிலும் வேலையைத் தள்ளிக்கொண்டு போனது. மேடவாக்கத்திலும் ஓ.எம்.ஆரிலும் தடுப்புகளுக்கு நடுவே வண்டி ஓட்டியவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்? இப்போது தாம்பரத்தின் முறை. 2025 மாநில பட்ஜெட்டில் விமான நிலையம் முதல் கிளாம்பாக்கம் வரை 15.46 கிலோமீட்டர் மெட்ரோ, 9,335 கோடி என்று வந்தது. அது திட்ட மதிப்பு, ஒன்றிய அரசின் ஒப்புதலுக்காகக் காத்திருந்த தொகை. பணம் வந்துவிட்டது போலப் படித்தவர்கள் உண்டு. கிளாம்பாக்கம் பேருந்து முனையமோ 2023 டிசம்பர் 30 அன்று, ரயில் நிலையமும் மெட்ரோவும் இல்லாமலே திறக்கப்பட்டது. பெட்டியும் குழந்தையுமாக அங்கே இறங்கியவர்கள் அந்த இடைவெளியின் விலையை ஆட்டோவுக்குக் கொடுத்தார்கள்.

மாற்று பட்ஜெட் பிறக்கவேண்டிய இடம் கோட்டையை விட அருகில் இருக்கிறது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. 70 வார்டு. முதல் மேயர் வசந்தகுமாரி கமலக்கண்ணன். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். கிராமத்துக்குக் கிராம சபை போல, நகரத்தில் வார்டுக்குள் பகுதி சபை. நகராட்சிகளில் மக்கள் குரலுக்கு இடம் வேண்டும் என்று 1992-ன் 74-வது அரசமைப்புத் திருத்தம் சொன்னது தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வர முப்பது ஆண்டு ஆனது. அன்றைய செய்தி முதலமைச்சர் வந்ததைப் பற்றியது. பகுதி சபையில் தெருவிளக்கும் குப்பையும் பேசலாம், வார்டின் வரவு செலவையும் கேட்கலாம் என்பது செய்தியாகவில்லை.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-ல் தொடங்கியது இதைத்தான்: பேட்டைக்குப் பேட்டை கூடி, முதலில் சாக்கடையா, பள்ளியா, சாலையா என்று மக்களே வரிசைப்படுத்திக் கொடுப்பது. கேரளம் 1996-ல் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. புணே மாநகராட்சி 2006 வாக்கில் குடிமக்களிடம் வார்டு வேலைகளுக்கு விண்ணப்பம் வாங்கத் தொடங்கியது. போர்ட்டோ அலெக்ரே பின்னாளில் தளர்ந்தது, கேரளத்திலும் ஆர்வம் ஏறி இறங்கியது. இருந்தாலும் மழைநீர் எந்தத் தெருவில் முதலில் நிற்கும் என்பது அந்தத் தெருக்காரருக்குத்தான் தெரியும். 2015 டிசம்பர் 1-2 தேதிகளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் எந்த வீட்டு மாடிக்குப் படகு வரும் என்பதை எந்த மதிப்பீட்டுத் தாளும் சொல்லவில்லை.

பகுதி சபைகளில் அடுத்த கூட்டத்துக்குள் ஒருவர் செய்யக்கூடியது இவ்வளவு: தன் வார்டில் போன ஆண்டு மழைநீர் வடிகாலுக்கு மதிப்பீடு எவ்வளவு, செலவு எவ்வளவு, எந்தத் தெருவில் என்று எழுதிக் கேட்பது. பதில் வந்தால் அதை அச்சிட இடமும் இருக்கிறது. இந்தப் புறநகர்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் இலவச வார இதழ்கள் விழுகின்றன. வீட்டு மனை விளம்பரம், டியூஷன் சென்டர், பூச்சிக்கொல்லி சர்வீஸ், கோயில் திருவிழா, நடுவில் தெரு முனைப் பள்ளம் பற்றி ஒரு படம். அந்தப் படத்துக்குக் கீழே பள்ளத்தின் கணக்குக்காக ஒரு கால் பக்கம் போதும்.